விரியும் கவசம்: சிறு கோள்கலங்களின் வளிமண்டல நுழைவும் அதற்குரிய தமிழ்ச் சொற்களும்

ஆய்வுச் சுருக்கம்

செயற்கைக்கோள்கள் அளவில் சிறுத்து வருகின்றன. ஆனால் வளிமண்டலம் சூழ்ந்த கோள் ஒன்றன் தரையில் சிறுகலங்களை இறக்குவது இன்னும் எளிதாகவில்லை. ஏவும்போது மடங்கியிருந்து, கோளை நெருங்கியதும் விரிந்து, வேகத்தையும் வெப்பத்தையும் ஒருங்கே குறைக்கும் அமைப்புகள் இத்தடையை நீக்கும் வழியாக ஆராயப்படுகின்றன. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் (இஸ்ரோ) 2022 செப்டம்பர் 3ஆம் நாள் தும்பாவில் நிகழ்த்திய சோதனை இத்துறையில் இந்தியாவின் குறிப்பிடத்தக்க முயற்சியாகும். இவ்வமைப்புகளின் செயற்பாட்டை இக்கட்டுரை தமிழில் விளக்குகிறது. 'உராய்வு', 'மறுநுழைவு', 'வான்குடை' ஆகிய வழக்குச் சொற்கள் இத்துறைப் பொருளை எவ்விடத்தில் திரிக்கின்றன என்பதைச் சுட்டி, செயற்பாட்டை அடியொற்றிய சொற்களை முன்வைக்கிறது.

திறவுச் சொற்கள்: அறிவியல் தமிழ், கலைச்சொல்லாக்கம், வளிமண்டல நுழைவு, விரிதணிப்பி, வினைத்தொகை.

1. முன்னுரை

தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரை நடுவாக வைத்துப் பார்த்தால், சென்னையின் தென்புறம் சிறு செயற்கைக்கோள்களோடு நெருங்கிய தொடர்புடைய நிலப்பகுதி என்பது விளங்கும். வடக்கே குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி. வளாகம் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஓர் உறுப்பு; அப்துல் கலாம் வானூர்திப் பொறியியல் பயின்ற இடமும் அதுவே. அப்பல்கலைக்கழகத்தின் 40 கிலோகிராம் எடையுள்ள அனுசாட் 2009 ஏப்ரல் 20இல் விண்ணேறியது. தெற்கே காட்டாங்குளத்தூரில் உள்ள எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தின் எஸ்.ஆர்.எம்.சாட் 2011 அக்டோபர் 12இல் ஏவப்பட்டது. அதன் எடை 11 கிலோகிராமுக்கும் சற்றுக் குறைவு. கிழக்கே சோழிங்கநல்லூர்ப் பக்கத்துச் சத்தியபாமா பல்கலைக்கழகத்தின் சத்தியபாமாசாட் 2016 சூன் 22இல் சென்றது. அதன் எடை 1.5 கிலோகிராம் மட்டுமே. ஏழாண்டு இடைவெளியில் நாற்பது கிலோ ஒன்றரைக் கிலோவாகச் சுருங்கிற்று.

இவற்றுள் எதுவும் மீண்டு வருவதற்காகவோ வேறொரு கோளில் இறங்குவதற்காகவோ அமைக்கப்பட்டதன்று. உலக அளவிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. 2018 மே 5இல் இன்சைட் என்னும் தரையிறங்கியுடன் ஒரே ராக்கெட்டில் மார்கோ எனப்படும் இரு சிறுகலங்கள் செவ்வாயை நோக்கிச் சென்றன. அவ்வாண்டு நவம்பர் 26இல் இன்சைட் தன் வெப்பக் கவசத்தின் துணையால் செவ்வாயின் தரையைத் தொட்டது. மார்கோ இரண்டும் அந்நிகழ்வின் செய்தியைப் பூமிக்கு அனுப்பியபடியே கோளைக் கடந்து போயின. பல கோடிக் கிலோமீட்டர் பயணம் செய்யும் ஆற்றல் சிறுகலத்துக்கு வாய்த்துவிட்டது. ஆனால் கடைசி நூறு கிலோமீட்டரைக் கடந்து இறங்கும் வழி அமையவில்லை.

அவ்வழியைத் தேடும் தொழில்நுட்பத்தைத் தமிழில் விளக்குவது இக்கட்டுரையின் முதல் நோக்கம். அவ்வாறு விளக்க முற்படும்போது, கையிலிருக்கும் சொற்கள் சில பொருளைத் தெளிவிப்பதற்கு மாறாக மறைப்பது புலனாகிறது. அச்சொற்களை ஆராய்வது இரண்டாம் நோக்கம்.

2. வெப்பம் எங்கிருந்து வருகிறது?

பூமியைத் தாழ்ந்த சுற்றுப்பாதையில் வலம்வரும் கலம் நொடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர் வேகத்தில் விரைகிறது. இவ்வேகத்தில் உள்ள ஒரு கிலோகிராம் பொருள் ஏறத்தாழ 30 மெகாஜூல் இயக்க ஆற்றலைக் கொண்டிருக்கும். அறை வெப்பநிலையில் உள்ள பன்னிரண்டு லிட்டர் நீரை ஒரு துளியும் எஞ்சாமல் ஆவியாக்க இவ்வாற்றல் போதும். செவ்வாய்க்குள் நொடிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் நுழையும் கலத்தில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 18 மெகாஜூல் இருக்கும். தரையைத் தொடுவதற்குள் இவ்வாற்றல் முழுவதும் வேறிடம் சென்றாக வேண்டும். சில நிமிடங்களுக்குள் அதை எங்கே செலுத்துவது என்பதே நுழைவுப் பொறியியலின் அடிப்படைச் சிக்கல்.

விண்கலமும் விண்கல்லும் 'காற்றின் உராய்வால் சூடாகின்றன' என்று எழுதுவது தமிழில் பரவலாகக் காணப்படும் வழக்கு. இவ்விளக்கம் அரைகுறையானது. உராய்வு என்றவுடன் நம் மனத்தில் எழுவது உள்ளங்கைகளைத் தேய்ப்பது போன்றதொரு நிகழ்ச்சி. அதாவது ஒரு பரப்பு மற்றொரு பரப்பின்மீது வழுக்கிச் செல்வது. கலம் ஒலியைக் காட்டிலும் பன்மடங்கு விரைந்து வரும்போது, முன்னால் இருக்கும் காற்று விலகிச் செல்ல நேரம் கிடைப்பதில்லை. அது கலத்தின் முகப்புக்கு முன்னே நெருக்குண்டு அதிர்ச்சி அலையாகத் திரள்கிறது. அவ்வலையைக் கடக்கும் காற்று ஒரு நொடியின் மிகச் சிறு கூறில் அமுக்கப்பட்டுப் பல ஆயிரம் பாகை வெப்பநிலையை எட்டுகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைப் பலரும் அறிவர். உள்ளே உலக்கை தேய்வதைவிடக் காற்று அமுக்கப்படுவதே அச்சூட்டின் முதன்மைக் காரணம். விண்கலத்தின் முன்னே நிகழ்வதும் அதுபோன்றதே. உராய்வு அறவே இல்லை என்பதன்று. மழுங்கிய முகப்புடைய கலத்தில் அதன் பங்கு சிறிது.

இவ்வேறுபாடு வெறும் சொல்வேறுபாடு அன்று. உராய்வுதான் காரணம் எனில், கலத்தின் முகப்பைக் கூராக்கிக் காற்றைக் கிழித்துச் செல்லவைப்பதே அறிவுடைமை ஆகும். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜூலியன் ஆலன், ஆல்பிரட் எக்கர்ஸ் ஆகிய இருவரும் இதற்கு நேர்மாறான முடிவை அடைந்தனர். முகப்பு மழுங்கியிருந்தால் அதிர்ச்சி அலை கலத்தை ஒட்டாமல் சற்று முன்னே விலகி நிற்கும். வெப்பத்தின் பெரும்பகுதி காற்றிலேயே தங்கிக் கலத்தைச் சுற்றி ஓடிப் பின்னே போய்விடும். கலத்தை வந்தடைவது சிறு பங்கே. இன்றுவரை பயன்படும் நுழைவுக் கவசங்கள் மழுங்கியிருப்பதன் காரணம் இதுவே. 'உராய்வு வெப்பம்' என்று பயிலும் மாணவருக்கு இம்மழுங்கிய வடிவம் விளங்காப் புதிராகவே நிற்கும். ஆகவே 'அமுக்கச் சூடு' என்னும் தொடரை இவ்விடத்தில் ஆள்வது பொருத்தமாகும்.

3. பரப்பும் சுமையும்

ஒரு தாளைக் கசக்கி உருட்டி மேலிருந்து விட்டால் விரைந்து விழுகிறது. அதே தாளை விரித்து விட்டால் மெல்ல மிதந்து இறங்குகிறது. எடை மாறவில்லை, காற்றை எதிர்கொள்ளும் பரப்பே மாறியது. நுழைவுக் கலங்களுக்கும் இவ்விதி பொருந்தும். கலத்தின் நிறையை அதன் எதிர்முகப் பரப்பாலும் இழுவைக் கெழுவாலும் வகுத்துப் பெறும் எண்ணே அக்கலத்தின் இறங்குமுறையைத் தீர்மானிக்கிறது. இது எறியியலில் பிறந்த அளவை என்பதால் 'எறியியல் கெழு' என்று மொழிபெயர்க்கலாம். அப்பெயர் அதன் பிறப்பைச் சொல்கிறதேயன்றிப் பொருளைச் சொல்லவில்லை. ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பும் எத்துணைச் சுமையைத் தாங்கி நிறுத்த வேண்டியிருக்கிறது என்பதே அதன் உட்பொருளாகலின், 'பரப்புச்சுமை' என்பது தெளிவான பெயராகும்.

ஓர் எளிய கணக்கு இதனை விளக்கும். 12 கிலோகிராம் நிறையும், 20 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் முகப்பும் உடைய சிறுகலம் ஒன்றைக் கொள்வோம். இழுவைக் கெழுவை ஒன்றெனக் கொண்டால் அதன் பரப்புச்சுமை சதுர மீட்டருக்கு 200 கிலோகிராம். அதே கலம் ஒரு மீட்டர் விட்டமுள்ள வட்டக் கவசத்தை முன்னே விரித்துக்கொண்டால் பரப்புச்சுமை ஏறத்தாழ 15 ஆகும். அதாவது பதின்மூன்றில் ஒரு பங்கு. இதனால் இரண்டு நன்மைகள் விளைகின்றன. முதலாவது, பதின்மூன்றில் ஒரு பங்கு அடர்த்தியுள்ள மெல்லிய காற்றிலேயே கலம் வேகத்தை இழக்கத் தொடங்கும். பூமியில் அது ஏறத்தாழ 18 கிலோமீட்டர் கூடுதலான உயரம். காற்றின் அடர்த்தி உயரத்தோடு மெதுவாகக் குறையும் செவ்வாயில் அது இன்னும் மிகுதி. இரண்டாவது, உச்ச வெப்பப்பாய்வு பரப்புச்சுமையின் இருமடி மூலத்தைப் பின்பற்றுவதால் அது மூன்றரை மடங்குக்கு மேல் குறையும். முகப்பின் வளைவு அகலமாவதால் வரும் குறைவு இதற்கு மேலும் சேரும்.

செவ்வாயில் இவ்வுயரம் உயிர்நாடியானது. அங்குத் தரைமட்டக் காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. சுட்டெரிக்கப் போதுமான காற்று அங்கே உண்டு. நிறுத்தப் போதுமான காற்று இல்லை. உயரத்திலேயே வேகத்தை இழக்காத கலம், அடுத்து வேலை செய்ய வேண்டிய பாராசூட்டுக்கு நேரம் தராமல் தரையில் மோதிவிடும்.

அகலமான கவசத்தை முதலிலேயே பொருத்தி அனுப்பலாகாதா என்னும் வினா எழலாம். ராக்கெட்டின் தலைப்பகுதி அகலமே அதற்கு எல்லை. 2012இல் கியூரியாசிட்டி ஊர்தியைக் காத்த கவசத்தின் விட்டம் 4.5 மீட்டர். பெருங்கலத்துக்கு ராக்கெட்டின் அகலம் எல்லையாவது போலச் சிறுகலத்துக்கு அது அடைந்து செல்லும் பெட்டியே எல்லை. சிறுகலங்களின் அலகு பத்து சென்டிமீட்டர் கனசதுரம். அவை வேறொரு பெரிய பயணத்தின் ஓரத்தில், பெட்டிக்குள் அடங்கிச் செல்பவை. விரியாத சிறு கவசத்துடன் இறங்கும் முயற்சியும் நடந்ததுண்டு. 1999 டிசம்பரில் செவ்வாய்க்குள் அனுப்பப்பட்ட டீப் ஸ்பேஸ் 2 ஆய்வுக்கலங்கள் இரண்டும் கூடைப்பந்து அளவுள்ள கவசங்களுக்குள் அடங்கியவை. அவற்றிலிருந்து எச்செய்தியும் வரவில்லை. அதன் காரணமும் உறுதிப்படவில்லை. பெட்டிக்குள் சிறிதாகவும் வளிமண்டலத்தில் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்னும் இரு முரண்பட்ட தேவைகளை இணைக்கும் வழி விரிதலே.

4. இருவகை விரிவு

விரியும் அமைப்புகள் பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்று வாயுவை நிரப்பி உப்பவைப்பது; மற்றொன்று கம்பிகளை நீட்டித் துணியை விறைப்பாக்குவது.

4.1 ஊதுவகை

முதல்வகையில் உறுதியான நூலிழைகளால் ஆன வளையக் குழாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, மழுங்கிய கூம்பு வடிவம் பெறுகின்றன. அதன் வெளிப்புறத்தில் நெகிழும் வெப்பக்காப்புத் துணி பல அடுக்குகளாகப் போர்த்தப்படுகிறது. மேலடுக்கு வெப்பத்தை நேரே தாங்கும் பீங்கானிழைத் துணி. நடுவடுக்கு வெப்பத்தை உள்ளே விடாத காப்பு. அடியடுக்கு வாயு புகாத தடுப்பு. மூன்றும் மடிக்கத்தக்கவையாக இருத்தல் வேண்டும்.

அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா இவ்வகையைப் படிப்படியாகச் சோதித்தது. 2007இல் நடந்த முதல் முயற்சியில் சோதனைப்பொருள் ராக்கெட்டிலிருந்து பிரியவே இல்லை. 2009இல் இரண்டாம் முயற்சி வெற்றி பெற்றது. 2012 சூலை 23இல் மூன்று மீட்டர் விட்டமுள்ள கவசம் சோதிக்கப்பட்டது. 2022 நவம்பர் 10இல் ஆறு மீட்டர் விட்டமுள்ள லோஃப்டிட் சுற்றுப்பாதை வேகத்திலேயே வளிமண்டலத்துள் நுழைந்து பசிபிக் கடலில் பாதுகாப்பாக இறங்கியது. அவ்வாண்டுவரை விண்ணேறிய மழுங்கு கவசங்களில் இதுவே மிகப் பெரியது. சிறுகலத்துக்கு நேரே பொருந்தும் சோதனையைச் சப்பானியர் செய்தனர்: மூன்று அலகு அளவே உள்ள எக் என்னும் நுண்கோள் 2017இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து விடுவிக்கப்பட்டு, ஊதிய வளையத்தால் தாங்கப்பட்ட மெல்லிய கவசத்தை விரித்துச் சுற்றுப்பாதையிலிருந்து இறங்கி வந்தது.

இவ்வகையின் வலிமையும் குறையும் ஒன்றே: நெகிழ்வு. நெகிழ்வதால் சிறு இடத்தில் அடங்குகிறது. நெகிழ்வதால் காற்றின் தாக்குதலில் படபடக்கவும் வடிவம் குலையவும் கூடும். உள்ளழுத்தம் குறையாதிருக்க வேண்டும். மடிப்புகளில் இழை முறியாதிருக்க வேண்டும். விரிவு எல்லாப் பக்கமும் ஒருசேர நிகழ வேண்டும். மாதக்கணக்காக மடங்கிக் கிடந்தபின் ஒரே ஒரு முறை, அதுவும் பிழையின்றி, இது நிகழ்ந்தாக வேண்டும்.

4.2 குடைவகை

இரண்டாம் வகையில் வாயு இல்லை. குடைக்கம்பிகளைப் போன்ற விலாக்கம்பிகள் நடுவிலிருந்து விரிந்து, அவற்றின் இடையே கரியிழைத் துணியை இழுத்து விறைப்பாக்குகின்றன. அடெப்ட் என்னும் இவ்வமைப்பின் 0.7 மீட்டர் விட்டமுள்ள வடிவம் 2018 செப்டம்பர் 12இல் அமெரிக்காவின் நியூமெக்சிகோவில் ஆய்வு ராக்கெட்டில் ஏவப்பட்டு, நூறு கிலோமீட்டருக்கு மேலே விரிந்து இறங்கியது.

இதன் துணி தனிச்சிறப்புடையது. இயல்பான நெசவில் பாவும் ஊடையும் ஒரே தளத்தில் பின்னுகின்றன. இங்கு அவை பல அடுக்குகளாக, ஓரடுக்கின் நூல் அடுத்த அடுக்கையும் கோத்துச் செல்லுமாறு முப்பரிமாணத்தில் நெய்யப்படுகின்றன. வெளியடுக்கு வெப்பத்தில் தேய்ந்தாலும் உள்ளடுக்குகள் இழுவிசையைத் தாங்கி நிற்கும். ஒரே துணி கவசமாகவும் கட்டுமானமாகவும் ஒருங்கே பணிபுரிகிறது. கம்பிகளின் எடை இவ்வகையின் குறை. வடிவம் உறுதியாக நிற்பது இதன் நிறை. ஒரு மீட்டரை ஒட்டிய சிறு கவசங்களுக்கு இவ்வகை பெரிதும் ஏற்றது எனக் கருதப்படுகிறது.

5. தும்பாச் சோதனை

இந்தியா நுழைவுத் துறைக்குப் புதிதன்று. 550 கிலோகிராம் எடையுள்ள மீட்புக்கலம் (எஸ்.ஆர்.இ.-1) 2007 சனவரி 10இல் ஏவப்பட்டு, சனவரி 22இல் வங்கக் கடலில் இறங்கி மீட்கப்பட்டது. 2014 டிசம்பர் 18இல் மனிதர் பயணத்துக்கான முன்னோட்டக் கலம் (கேர்) ஏறத்தாழ 126 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இறங்கியது. இவ்விரண்டும் உறுதியான, விரியாத கவசங்களை உடையவை.

விரியும் வகையில் இந்தியாவின் சோதனை 2022 செப்டம்பர் 3இல் நிகழ்ந்தது. இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் 1963 நவம்பர் 21இல் கிளம்பிய அதே தும்பா ஏவுதளத்திலிருந்து ரோகிணி 300 ராக்கெட் ஏவப்பட்டது. பெயரில் உள்ள எண் மில்லிமீட்டரில் அதன் விட்டத்தைக் குறிக்கும்; அதாவது முப்பது சென்டிமீட்டர். அக்குறுகிய குழாய்க்குள் மடித்து வைக்கப்பட்டிருந்த ஊதுவகை அமைப்பு ஏறத்தாழ 84 கிலோமீட்டர் உயரத்தில் உப்பி, ராக்கெட்டின் சுமைப்பகுதியைத் தாங்கியபடி இறங்கியது. பாலிகுளோரோபிரீன் பூசிய கெவ்லர்த் துணியால் அது ஆனது. விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் அதனை வடிவமைத்தது. வாயு நிரப்பும் அமைப்பைத் திரவ உந்துவிசை அமைப்புகள் மையம் உருவாக்கியது. அது வேகத்தை முறையாகக் குறைத்து, முன்கணித்த பாதையிலேயே சென்றதாக இஸ்ரோ அறிவித்தது. எரிந்து முடிந்த ராக்கெட் கட்டங்களை மீட்டல், செவ்வாயிலும் வெள்ளியிலும் சுமைகளை இறக்குதல் ஆகியவை இதன் எதிர்காலப் பயன்களாகக் கூறப்பட்டன.

இச்சோதனை எதை மெய்ப்பித்தது, எதை மெய்ப்பிக்கவில்லை என்பதைப் பிரித்தறிதல் வேண்டும். மடித்தல், விரித்தல், வடிவம் காத்தல், வேகம் குறைத்தல் ஆகியன மெய்ப்பிக்கப்பட்டன. ஆய்வு ராக்கெட் மேலே சென்று திரும்ப விழுவது. சுற்றுப்பாதை வேகத்தில் ஒரு சிறு பங்கே அதற்கு உண்டு. ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்ததாகலின், வேகம் ஏழில் ஒரு பங்கானால் ஆற்றல் நாற்பத்தொன்பதில் ஒரு பங்காகிவிடும். கோள் நுழைவின் வெப்பத்தை இச்சோதனை சந்திக்கவில்லை. சந்திப்பதற்காக அது அமைக்கப்படவும் இல்லை. கெவ்லர் சில நூறு பாகைகளுக்கு மேல் தன் வலிமையை இழக்கும் இழை. செவ்வாய்க்கோ வெள்ளிக்கோ செல்வதாயின் அதன்மேல் பீங்கானிழைப் போர்வை தேவைப்படும். 'செவ்வாயில் இறங்கும் தொழில்நுட்பம் கைகூடியது' என்பதினும் 'அதன் முதற்படி கைகூடியது' என்பதே உண்மைக்கு நெருக்கமான கூற்று.

6. சொற்கள் பற்றிய ஆய்வு

6.1 நுழைவும் மீள்நுழைவும்

'மறுநுழைவு' என்னும் சொல் எல்லா இறக்கத்துக்கும் பொதுப்பெயராக ஆளப்படுவதுண்டு. பூமியிலிருந்து சென்ற கலம் பூமிக்குத் திரும்புவதே மறுநுழைவு அல்லது மீள்நுழைவு. செவ்வாய்க்குள் முதன்முறை செல்வது நுழைவு மட்டுமே. கேர் கலம் மீள்நுழைந்தது, இன்சைட் நுழைந்தது. மங்கள்யான் 2014 செப்டம்பர் 24இல் செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்ததே தவிர நுழையவில்லை. 2023 ஆகத்து 23இல் நிலவில் இறங்கிய விக்ரமுக்கும் இச்சொல் பொருந்தாது; வளிமண்டலம் இல்லாத நிலவில் அது முழுக்க முழுக்க எந்திர விசையால் இறங்கியது.

6.2 வான்குடையும் தணிப்பியும்

பாராசூட்டை வான்குடை என்பது தமிழில் நிலைத்த வழக்கு. விரியும் கவசத்தையும் குடை என்று சொல்லத் தோன்றுவது இயல்பே. வடிவம் அவ்வாறுதான் உள்ளது. ஆனால் இரண்டும் பணியாற்றும் இடமும் காலமும் வேறு. வான்குடை கலத்தின் பின்னே இருந்து இழுக்கிறது. விரியும் கவசம் பெரும்பாலும் முன்னே இருந்து தாங்குகிறது. வான்குடை வெப்பமெல்லாம் அடங்கியபின், வேகம் பெரிதும் குறைந்தபின் விரிவது. கவசம் வெப்பம் தொடங்கும் முன்னரே விரிந்தாக வேண்டும். ஒரே சொல்லால் இரண்டையும் சுட்டினால் இவ்வேறுபாடு மறைந்துபோகும்.

இக்கருவியின் பணியைச் சொல்லும் வினை தமிழில் உண்டு. அது 'தணி' என்பது. சினம் தணிகிறது, தாகம் தணிகிறது, வெப்பம் தணிகிறது, வேகமும் தணிகிறது. முருகன் சினம் தணிந்த இடம் தணிகை என்பது மரபுவழி விளக்கம். வேகத்தைக் குறைப்பது, வெப்பத்தைக் குறைப்பது என்னும் இருபணிகளையும் ஒரே வினை ஏற்பது இங்கு பெரும்பயன் தருகிறது. ஏனெனில் இக்கருவியில் அவ்விரண்டும் தனித்தனிப் பணிகள் அல்ல. உயரத்திலேயே வேகம் தணிவதால்தான் வெப்பமும் தணிகிறது. 'தணிப்பு' என்பதனோடு கருவிப்பொருள் தரும் இகர விகுதி சேர்ந்து 'தணிப்பி' ஆகும். 'மண்வெட்டி' என்பதில் உள்ளதும் கருவிப்பொருள் தரும் இகர விகுதியே.

6.3 மூன்று தொகைகள்

தணிப்பியோடு அடைமொழி சேரும்போது இலக்கணம் பொருளை நுணுக்கமாகப் பிரித்துக் காட்டுகிறது.

'விரிதல்' தன்வினை, 'விரித்தல்' பிறவினை. பாயை ஒருவர் விரிக்கிறார். மலர் தானே விரிகிறது. கை எட்டாத தொலைவில் தானே விரியும் அமைப்பு ஆதலின் தன்வினையே பொருந்தும். 'விரிதணிப்பி' என்பது வினைத்தொகை. விரிந்த, விரிகின்ற, விரியும் என முக்காலமும் அதில் கரந்திருக்கின்றன. மடங்கிக் கிடக்கும்போதும் அது விரிதணிப்பி. விரியும்போதும் விரிந்தபின்னும் விரிதணிப்பியே. 'விரியக்கூடிய' என்னும் நீண்ட மொழிபெயர்ப்பால் சொல்ல முயல்வதைக் காலம் கரந்த பெயரெச்சம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது ஆகையால் 'விரித்தணிப்பி' என எழுதுவது பிழையாகும்.

'ஊதுதணிப்பி' என்பதும் வினைத்தொகையே. இங்கு தணிப்பி ஊதுவதில்லை, ஊதப்படுகிறது. குடிநீர் குடிப்பதில்லை, குடிக்கப்படுகிறது என்பது போல இதனையும் செயப்படுபொருளாகக் கொள்ளல் வேண்டும். 'காற்றடைத்த கவசம்' என்னும் தொடரைத் தவிர்ப்பது நன்று. மேற்குறித்த அமெரிக்கச் சோதனைகளில் நிரப்பப்பட்டது நைட்ரசன் வாயு. 'உப்புதணிப்பி' எனலாம், எனினும் உண்ணும் உப்பின் மயக்கம் குறுக்கிடும்.

'குடைத்தணிப்பி' என்பது குடை போன்ற தணிப்பி என விரியும் உவமைத்தொகை. இங்கு வல்லினம் மிகும். முன்னிரண்டும் செயலால் பெயர் பெற்றன. இது வடிவத்தால் பெயர் பெற்றது. அவ்வேறுபாட்டை ஓர் ஒற்றெழுத்தே உணர்த்திவிடுகிறது. குடைக்குக் காவல் என்னும் பொருளும் தமிழ் மரபில் உண்டு. சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனைப் பாடிய வெள்ளைக்குடி நாகனார், மன்னன் குடை வெயிலை மறைப்பதற்கன்று, வருந்தும் குடிகளைக் காப்பதற்கே என்னும் கருத்தைக் கூறுகிறார் (புறம். 35). குடைத்தணிப்பியோ வெப்பத்தை மறைப்பதன் வாயிலாகவே தன் சுமையைக் காக்கிறது.

6.4 ஓர் எச்சரிக்கை

இங்கு ஒரு வரையறை இன்றியமையாதது. புறநானூற்றில் குடை உண்டு. காற்று வழங்காத வெளியைப் பற்றிய குறிப்பும் உண்டு. இவற்றைக் கொண்டு பழந்தமிழர் விண்வெளிப் பொறியியலை அறிந்திருந்தனர் என முடிவுகட்டுவது ஆய்வாகாது. சொல் இருந்தது என்பதால் அக்கருவி இருந்தது என்றாகாது. பழஞ்சொல் தருவது மொழியின் ஆக்க வளத்தை. அறிவியல் முன்னுரிமையை அன்று. யாழ்ப்பாணத்தில் 19ஆம் நூற்றாண்டில் மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன் மேற்கத்திய மருத்துவத்தைத் தமிழில் ஆக்கியபோதும், 1916இல் சேலத்தில் இராசாசி முதலியோர் அறிவியற் சொற்களுக்கெனத் தமிழ்ச் சங்கம் கண்டபோதும் முதன்மை பெற்றது, புதிய அறிவைத் தமிழில் கற்பிக்க வேண்டும் என்னும் தேவையே. அத்தேவை இன்றும் அவ்வாறே நிற்கிறது.

7. முன்வைக்கும் சொற்கள்

அமுக்கச் சூடு: விரைந்து வரும் கலத்தின் முன்னே காற்று நெருக்குண்டு பெறும் வெப்பம்.

பரப்புச்சுமை: இழுவையையும் கருத்திற்கொண்டு, எதிர்முகப் பரப்பின் ஒவ்வோர் அலகும் தாங்கும் நிறை.

நுழைவு: ஏதேனும் ஒரு கோளின் வளிமண்டலத்துள் செல்லுதல். மீள்நுழைவு: புறப்பட்ட கோளுக்கே திரும்புதல்.

விரிதணிப்பி: மடங்கிச் சென்று விரிந்து, வேகத்தையும் வெப்பத்தையும் தணிக்கும் அமைப்புகளின் பொதுப்பெயர்.

ஊதுதணிப்பி: வாயு நிரப்பப்பட்டு விரிவது. குடைத்தணிப்பி: விலாக்கம்பிகளால் விரிவது.

வான்குடை: வேகம் பெரிதும் குறைந்தபின் கலத்தின் பின்னே விரியும் பாராசூட்.

8. முடிவுரை

சிறுகலங்கள் கோள்களில் இறங்குவதற்குத் தடையாக இருப்பது அவற்றின் சிறுமையே. பெட்டிக்குள் அடங்கும் முகப்பைக் கொண்டு அவை வளிமண்டலத்தைச் சந்திக்க இயலாது. விரிதணிப்பி பரப்புச்சுமையைக் குறைத்து, மெல்லிய காற்றிலேயே வேகத்தை இழக்கச் செய்து, அதனால் வெப்பத்தையும் குறைக்கிறது. ஊதுவகை சுற்றுப்பாதை வேகத்தில் மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. குடைவகை ஆய்வு ராக்கெட் அளவில் மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. தும்பாச் சோதனை இந்தியாவை இவ்வழியின் முதற்படியில் நிறுத்தியிருக்கிறது.

கலைச்சொல்லாக்கத்தில் அகராதியை நோக்குமுன் கருவியின் செயற்பாட்டை நோக்குதல் வேண்டும் என்பது இவ்வாய்வால் பெறப்படும் முடிவு. 'உராய்வு' என்னும் ஒரு சொல் மழுங்கிய முகப்பின் காரணத்தையே மறைத்துவிடுகிறது. 'தணி' என்னும் ஒரு சொல் வேகத்துக்கும் வெப்பத்துக்கும் உள்ள உறவை வெளிப்படுத்திவிடுகிறது. குரோம்பேட்டையிலும் காட்டாங்குளத்தூரிலும் சோழிங்கநல்லூரிலும் அடுத்த சிறுகலத்தை வடிவமைக்கவிருக்கும் மாணவருள் தமிழ்வழியில் பள்ளிக்கல்வி பெற்றோரும் இருப்பர். கலம் ஏன் சூடாகிறது என்பதை அவர்கள் முதன்முதலில் அறிவது தமிழ்ப் பாடநூலின் ஒரு வரியிலிருந்துதான். அவ்வரியை எழுதும் பொறியாளரும் அதன் சொற்களைத் தேரும் தமிழாய்வாளரும் ஒருங்கமர்ந்து பணியாற்றினால், அங்கேயே பிழை களையப்படும்.